கொள்ளேகாலத்துக் கோட்டும் ஒகேனக்கல் பரிசலும்

மைசூர் ராஜ்ஜியத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைய யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் என் வீட்டுக்காரரோடு மோட்டார் சைக்கிளில் போக வேண்டுமானால், அவர் உடுத்தி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கல்யாணப் பெண்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டாள். நான் தலை பின்னி, புடவை கட்டி, தூக்கில் புளிச்சோறு அடைத்து, பக்கத்து வீட்டில் சாவியையும் கோழிகளையும் ஒப்படைத்துவிட்டு வந்து பார்த்தால், அவர் அப்போதுதான் இடது கால் பூட்ஸுக்கு வந்திருப்பார்.

அவர் பெயர் இன்னாசிமுத்து. கொள்ளேகாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் மெக்கானிக். அறுபதுகளின் தொடக்கத்தில் குவாரியை விட்டுவிட்டுத் தன் தேசத்துக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை, தன் மோட்டார் சைக்கிளையும் அதை ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் சாமான்களையும் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தோல் கோட்டு, தோல் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், கண்ணுக்குக் காகிள்ஸ், சட்டியைக் கவிழ்த்தது போல ஒரு ஹெல்மெட். துரையின் ஊரில் பனி கொட்டுமாம். எங்கள் ஊரில் பங்குனி வெயிலில் காக்கைகூட நிழல் தேடும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் என் வீட்டுக்காரர் காதில் ஏறாது. காதை மூடித்தான் ஹெல்மெட்டின் வார் இருக்கிறதே.

பதினோரு வருஷத்தில் அந்தச் சாமான்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வலது கையுறையின் சுண்டுவிரலை எலி தின்றுவிட்டது. காகிள்ஸின் கண்ணாடி உடைந்தபோது, சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் வெட்டி மாட்டினார். அதனால் இடது கண்ணுக்கு எதிரே வருகிற லாரி மட்டும் கொஞ்சம் நெளிந்து தெரியும். அதன் ரப்பர் நாடா வெயிலில் இற்றுப்போக, சைக்கிள் டியூபை நறுக்கிக் கட்டினார். பூட்ஸின் அடிப்பாகம் இரண்டு முறை லாரி டயராக மாறியது. ஹெல்மெட்டில் என் செவலைக் கோழி முட்டையிட்டு அடைகாத்தது. குஞ்சு பொரித்து இறங்கும்வரை மனிதர் வெறுந்தலையோடு வேலைக்குப் போய்வந்தார்.

கோட்டு மட்டும் அசையவில்லை. ஒரு தையல் விடவில்லை, ஒரு பொத்தான் உதிரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதை மடியில் போட்டுக்கொண்டு, பழந்துணியால் விளக்கெண்ணெய் தொட்டுத் தடவுவார். அந்த நாற்றத்தோடுதான் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சோறு. கோட்டுக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தேன். "சக்களத்திக்கு எண்ணெய் தேச்சு முடிஞ்சுதா?" என்று கேட்டால், அவர் கோபிக்காமல், "இன்னும் கைப்பக்கம் இருக்குது" என்பார்.

நான் சொல்லப்போகிற பயணம் எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. நான் பிறந்தது தருமபுரி ஜில்லாவில், பென்னாகரத்துக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே என் தம்பி சூசைக்கு முதல் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு நாங்கள் இருவரும்தான் ஞானத்தாய், ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று சந்தைக்கு வந்த மாட்டு வியாபாரி மூலம் சொல்லி அனுப்பினான். கூடவே இன்னொரு சேதியும் வந்தது. "பெத்துப் பாக்காதவ கையில மொதப் புள்ளைய எப்படிக் குடுக்கறது?" என்று அவன் மாமியார், வீடே அதிரப் பேசினாராம். சூசை விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், எங்கள் ஊர்க் கோயிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வரும் சாமியார் அந்த ஞாயிறு பூசை முடிப்பதற்குள் நாங்கள் வந்து சேர்ந்தால் நாங்கள், இல்லாவிட்டால் குழந்தையின் தாய்மாமனும் அவர் மனைவியும் என்று பேசி முடித்திருந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். குழந்தை இல்லை. கொள்ளேகாலத்தில் அதைப் பற்றிக் கன்னடத்தில் கேட்பார்கள், ஊருக்குப் போனால் தமிழில் கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் குழந்தையை ஒரு நாள், ஊர் பார்க்க, என் கையில் ஏந்த வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி வந்தது. என் சொந்த நகைக்குக்கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

"பஸ்ஸு மேட்டூரச் சுத்தி ஊர் ஊரா நின்னு போவும். நாம மலையேறி எறங்கி, காவேரியப் பரிசல்ல தாண்டினா நேரா ஒகேனக்கல்" என்றார் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம்.

அனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கோட்டும் பூட்ஸும் காகிள்ஸுமாக அவர் இறங்கி நின்றதும், பெஞ்சில் இருந்த இரண்டு கிழவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள்.

"ராணுவமா?" என்றார் ஒருவர்.

"இல்லப்பா. சர்க்கஸ்காரன். மரக் கிணற்றுக்குள் வண்டி ஓட்டுவானே, அவன்."

"அப்படியென்றால் பின்னால் இருக்கிற அம்மா?"

"அவளும்தான் சுற்றுவாள். பாவம்."

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு ஹெல்மெட் புண்ணியத்தில் எதுவும் கேட்கவில்லை.

மலையடிவாரத்தில் சாயங்காலம் ஒரு சாப்பாட்டு வீட்டில் தங்க இடம் கேட்டோம். கழுத்தில் லிங்கம் கட்டிய குடும்பம். அந்த வீட்டு அம்மாள் இவரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்துவிட்டு, தோல் ஒரு துணுக்குகூட வாசற்படி தாண்டக்கூடாது, ஆள் மட்டும் வரட்டும் என்றார். பூட்ஸ் போயிற்று. கையுறை போயிற்று. வாருக்காக ஹெல்மெட், பெல்ட், கடைசியில் கோட்டு, எல்லாம் புளியமரத்தடியில் குவிந்தன. மிச்சம் இருந்தது என் புருஷன் மட்டும். அது கொஞ்சமாகத்தான் இருந்தது.

ராகிக் களி எங்கள் ஊரில் உருட்டுவது போலத்தான். குழம்பில்தான் வெல்லம். இத்தனை வருஷம் அந்த ஊர்ப் பக்கம் வாழ்ந்தும், குழம்பில் இனிப்புப் பட்டால் என் நாக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டதென்றே நினைக்கிறது. வீட்டுக்காரர் ஒவ்வொரு உருண்டைக்கும் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். கோட்டுக்குப் பனி பிடிக்குமாம். எனக்கும் தலை நனைந்தால் சளி பிடிக்கும், அதை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காட்டுப் பாதை. ரோடு என்று பெயர், உள்ளே இருந்ததெல்லாம் கல்லும் புழுதியும். யானை லத்தி கிடந்த இடத்தில் வண்டி பஞ்சரானது. அவர் டியூபுக்கு ஒட்டுப் போட, நான் காவல் நின்றேன். யானை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "கோட்டு மேல மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றார். அந்த விளக்கெண்ணெய் வாசத்துக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எதிர்க்கரை தமிழ்நாடு. காற்று எதிர்த்து அடிப்பதால் பாரம் ஏற்றிக்கொண்டு இனி ஆற்றில் இறங்க முடியாது, விடிந்ததும் போகலாம் என்றார் பரிசல்காரர். அவர் பெயர் மாதையன். ஐம்பது வயதிருக்கும், கட்டை குட்டையான ஆள், பேச்சில் தமிழும் கன்னடமும் கலந்து வரும். அவர் வீட்டம்மா ஆற்று மீனை மிளகாய் அரைத்துப் பூசி, இரும்புத் தட்டில் போட்டு எடுத்துக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் பாதி, வெல்லம் இல்லாத சந்தோஷத்தால் பாதி.

ஞாயிறு விடிந்ததும் பரிசலை இறக்கினார். மூங்கில் பிளாச்சால் முடைந்து, மேலே எருமைத் தோல் போர்த்திய பெரிய கூடை. அதில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. தோலும் கெடும், காவேரித் தாய்க்கும் மரியாதை இல்லை. வீட்டுக்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டார். வண்டியைத்தான் படுக்க வைக்க மாட்டேன் என்றார்.

"சார், வண்டியப் படுக்க வெச்சுருங்க. கூரா எது பட்டாலும் தோலு கிழிஞ்சுரும்" என்றார் மாதையன்.

"படுக்க வெச்சாப் பெட்ரோல் ஒழுவிரும். ஸ்டாண்டு போட்டு நிக்கட்டும். நான் புடிச்சுக்கறேன்."

"ஏனுங்க, ஆளுக்குச் செருப்பக் கழட்டியாச்சு. வண்டி மட்டும் கால்ல இரும்ப மாட்டிக்கிட்டு நிக்குதுங்களே."

"அடியில சாக்கு மடிச்சுப் போடுங்க."

சாக்குப் போட்டார்கள். மாதையன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக நான் சொல்லிக் கேட்காதவர், ஒரு நாள் பழக்கத்தில் அவர் சொல்லியா கேட்கப்போகிறார்?

நடு ஆற்றுவரை ஒரு குறையும் இல்லை. கீழே தூரத்தில் அருவி இரைந்துகொண்டிருந்தது. பரிசல் லேசாகச் சுற்றிச் சுற்றிப் போனது. இவர் கோட்டு, கையுறை, ஹெல்மெட், காகிள்ஸ் சகிதமாக, வெறுங்காலோடு வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஆற்றில் எதற்குக் காகிள்ஸ் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். படக்கென்று அந்தச் சைக்கிள் டியூப் நாடா அறுந்தது. காகிள்ஸ் பறந்தது. பிடிக்க இரண்டு கையையும் நீட்டினார். காகிள்ஸ் காவேரியில் விழுந்தது, வண்டி சாக்கை விட்டு நழுவியது, ஸ்டாண்டின் கால் எருமைத் தோலுக்குள் இறங்கியது.

"போச்சு!" என்றார் மாதையன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

வீட்டுக்காரர் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். அந்த அவசரத்திலும் அதை நனையவிடவில்லை பாருங்கள். உள்ளே போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஓட்டையில் திணித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் அவர் தலையிலிருந்து ஹெல்மெட்டைப் பிடுங்கித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒவ்வொரு மொள்ளலுக்கும் உள்ளே ஒட்டியிருந்த கார்க் துண்டுகள் கழன்று மிதந்தன. மாதா மன்றாட்டைத் தப்புத் தப்பாகச் சொன்னேன். மாதையன் மல்லுக்கட்டித் துடுப்புப் போட்டு, ஆற்று நடுவில் இருந்த ஒரு பாறைத் திட்டில் பரிசலைச் சேர்த்தார்.

வண்டியை இறக்கி, பரிசலைக் கவிழ்த்துப் பார்த்தோம். கையகல ஓட்டை, அதிலிருந்து ஒரு முழத்துக்குக் கிழிசல். மாதையன் கோணி ஊசியும் தோல் வாரும் தார் டப்பாவும் எப்போதும் பரிசலிலேயே வைத்திருப்பவர். ஒட்டுப் போடத் தோல்தான் இல்லை. ஒகேனக்கல் கரையில் மற்றப் பரிசல்காரர்கள் முதல் பஸ் வந்து ஆள் சேர்ந்த பிறகுதான் ஆற்றில் இறங்குவார்களாம். அருவிச் சத்தத்தில் இங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்காது.

அதற்குள் பூசை முடிந்துவிடும். நான் பாறையில் உட்கார்ந்து அழுதேன். ரகசியமாக அல்ல, நன்றாக வாய்விட்டுத்தான் அழுதேன்.

மாதையன் எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். சந்தையில் மாட்டுப் பல் பார்ப்பவர்போலப் பார்த்தார். "பூட்ஸுத் தோலு கெட்டிங்க, ஊசி எறங்காது. கையுறை பத்தாது." பிறகு அவர் கண் என் தோளுக்கு வந்தது. எழுந்து வந்து கோட்டின் முதுகை விரலால் நீவினார்.

"இத எத்தன வருசமா வெச்சிருக்கீங்க?"

"பதினொண்ணு. துரைகிட்ட அதுக்கு முன்னாடி எத்தனையோ" என்றார் வீட்டுக்காரர்.

"எண்ண ஊறிப்போயி வாழ எல மாதிரி வளையுதே. முதுவுல தையலே இல்ல, ஒரே துண்டு. இது இருந்தா நிமிசத்துல தெச்சுருவேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க சார். எனக்கே மனசு வல்ல."

அந்தக் கோட்டு ஒழியாதா என்று நான் வேண்டாத நாள் கிடையாது. ஆனால் அவர் அதை என் தோளிலிருந்து எடுத்து முழங்காலில் விரித்து, ஞாயிற்றுக்கிழமை செய்வதுபோலவே கையால் தடவியபோது, எனக்கே தெரியாமல் என் வாய் முந்திக்கொண்டது.

"வேணாங்க. மத்தவங்க வரட்டும். சூசைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருசம் இது என் முதுவ மட்டுந்தான் காப்பாத்துச்சு, லூர்து. பின்னாடி நீ காத்துல வெறைச்சுக்கிட்டுத்தான வந்த?" என்றார். "கொழந்தைய நீதான் ஏந்தணும்." பிறகு மாதையனிடம் கத்தியைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே வெட்டினார். பின்பக்க இடுப்பு வாரின் பித்தளைக் கொக்கியோடு முதுகுத் துண்டு முழுசாகக் கழன்று வந்தது. அந்தத் தோல் லேசில் அறுபடவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்ததைக் கவனித்தேன்.

ஆற்றில் ஒதுங்கிய சுள்ளிகளைக் கூட்டித் தாரைக் காய்ச்சினோம். கொதிக்கிற டப்பாவைப் பிடிக்கக் கையுறை உதவியது. எலி தின்ற விரல் மட்டும் வெந்தது. மாதையன் தைக்கத் தைக்க நான் தாரைப் பூசினேன். மறுபடி தண்ணீரில் விட்டபோது ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வண்டி இந்தத் தடவை மரியாதையாகப் படுத்துக்கொண்டு வந்தது. பெட்ரோலும் ஒழுகவில்லை.

கரையேறியதும் வீட்டுக்காரருக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. ஓட்டையில் திணித்தது தாரும் சேறுமாகக் கிடந்தது, மாற்றுச் சட்டை வைத்திருந்த பை முழுதும் நனைந்திருந்தது. பனியன்மேல் அந்தக் கோட்டையே மாட்டினார். முன்னால் பார்த்தால் கலெக்டர். பின்னால் பனியன், அதிலும் இரண்டு பொத்தல். மலைப்பாதை ஏறிப் பென்னாகரம் தாண்டி அவர் விரட்டிய விரட்டில், முன்னாலிருந்து வந்த காற்று கோட்டுக்குள் புகுந்து அவர் முதுகு வழியாக என் முகத்தில் அடித்தது.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது பூசை முடிந்திருந்தது. தாய்மாமனும் அவர் மனைவியும் குழந்தையோடு தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சாமியார் புத்தகத்தைத் திறந்துவிட்டார். சூசை மட்டும் வாசலைப் பார்த்து நின்றான்.

"சாமி, ஒரு நிமிசம்! அந்த வண்டிச் சத்தம் எங்க மாமாதுங்க! அக்கா வந்துருச்சுங்க!" என்று கோயில் என்றும் பாராமல் கத்தினான்.

"பூசைதான் முடிஞ்சுபோச்சே" என்றார் அவன் மாமியார்.

சாமியார் மூக்கில் இறங்கியிருந்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். ஈரப் புடவை, தார்க் கை, வெறுங்கால், தோல் கோட்டு. "கடைசிப் பாட்டு இன்னும் பாடலீங்கம்மா. அதுவரைக்கும் பூசைதான்" என்றார். சூசையின் மனைவி ரெஜினா தன் அண்ணன் மனைவி கையிலிருந்து குழந்தையை வாங்கி, யாரையும் கேட்காமல், நேராக வந்து என் கையில் வைத்தாள். "புடிங்க அண்ணி. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தா" என்றாள்.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்டார். "விட்டுவிடுகிறோம்" என்று வீட்டுக்காரர் கம்பீரமாகச் சொன்னார். பின்னாலிருந்த ஜனம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சாமியாருக்கு ஏனென்று புரியவில்லை. எல்லாம் முடிந்து, ஜனங்கள் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றாரே, அப்போதுதான் அவருக்கும் அந்தப் பனியன் தரிசனம் கிடைத்தது. இருமுவதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு உள்ளே போய்விட்டார். குழந்தையின் வெள்ளைச் சட்டையில் என் ஐந்து விரலும் தாராகப் பதிந்திருந்தன. மாமியார் அதைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டதைப் பார்த்துவிட்டு, "தாரு மண்ணெண்ண போட்டாப் போயிரும்" என்று மட்டும் சொன்னார். போகவில்லை.

முதுகில்லாத கோட்டை வீட்டுக்காரர் தூக்கி எறியவில்லை. காற்றோட்டமாக இருக்கிறது என்று இன்றும் போட்டுக்கொண்டு போகிறார். வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போது மாதையனைப் பார்க்காமல் வருவதில்லை. மாதையன் இதற்குள் பரிசலுக்கு மூன்று எருமைத் தோல் மாற்றிவிட்டார். "புதுத் தோலுல ஓட்டையே இல்லீங்க. ஆனா இந்தத் துண்டு அப்படியே இருக்குது, தூக்கிப் போட மனசு வல்ல. உள்பக்கம் வெச்சுத் தெச்சுருவேன்" என்கிறார். வீட்டுக்காரர் பரிசலுக்குள் மண்டியிட்டு அந்தத் துண்டுக்கு விளக்கெண்ணெய் தடவுவார். எண்ணெய்ப் புட்டியை மறக்காமல் எடுத்து வைப்பது நான்தான். போன முறை, அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால், நானே உட்கார்ந்து தடவினேன்.

அந்த முறை எங்களோடு, அன்று நான் ஏந்திய குழந்தை, சூசையின் மகள் மேரியும் வந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகிற பெண் இப்போது, வாய் என்னைப் போல. எங்களோடு பரிசலில் ஏறிய சேலத்துக்காரர் ஒருவர் அந்தத் தோல் துண்டின்மேல் கால் வைக்கப்போனார்.

"ஏனுங்க, அதும்மேல மிதிக்காதீங்க" என்று மேரி அவர் காலைப் பிடித்துத் தள்ளினாள். "அது எங்க ஞானத்தகப்பனோட முதுவு."